காரியப்பர் என்றொரு பெயர்

கல்முனைக் கரையோரத்தில் குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கிடையாது. ஆதம்பாவாவின் மகன் இஸ்மாயில் என்றால் பள்ளிக்கூட இடாப்பில் அவர் ஏ. இஸ்மாயில். அவருடைய பிள்ளைக்கு முதலெழுத்து ஐ ஆகிவிடும். இரண்டு தலைமுறை கழிந்தால் ஆதம்பாவா என்ற பெயர் கடதாசியில் இராது.

இந்த வழக்கத்துக்கு வெளியே, வாப்பாவிடமிருந்து மகனுக்குக் குடும்பப் பெயராகவே இறங்கிய ஒன்று காரியப்பர். போடியார், வன்னியனார் என்ற பட்டங்களைப் போல அதன் ஈற்றிலும் மரியாதை விகுதி நிற்கிறது. ஆங்கிலத்தில் எழுதியபோது கடைசி அசை 'பெர்' என்று திரிந்தது. அந்த எழுத்துக்கூட்டலே நிலைத்தும் விட்டது.

பெயரை நாடறியச் செய்தவர் கேட் முதலியார் பட்டம் பெற்ற எம். எஸ். காரியப்பர். 1947இல் கல்முனையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் நின்று மீண்டும் வென்றார். முஸ்லிம் தொகுதியொன்று தமிழரசுக் கட்சிக்கு வாக்களித்த அந்தத் தேர்தலை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குடியியல் தகுதியின்மைச் சட்டம், இலஞ்ச விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கையை அடுத்து அப்போது அவர் வகித்த ஆசனத்தைப் பறித்தது. அதை எதிர்த்து அவர் நாடாளுமன்ற எழுதுவினைஞர் விஜேசிங்கமீது தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. அங்கும் அவர் தோற்றார். ஆயினும் சட்டமியற்றும் அதிகாரம் எங்கே முடிகிறது, நீதித்துறை அதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று படிக்கும் மாணவர், இலங்கைக்கு வெளியிலும், 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்ற தலைப்பைக் கடந்தே போகவேண்டியிருக்கிறது.

இப்படி ஏட்டில் ஏறிய பெயர் தந்தை வழிப் பெயர். ஊரின் உண்மையான வம்சக் கணக்கோ தாய் வழியில் ஓடுகிறது. அதற்குப் பெயர் குடி. கல்முனைக்குடி என்ற இடப்பெயரில் வரும் குடி குடியிருப்பைக் குறிப்பது; இது வேறு. பிள்ளை உம்மாவின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை என்பது பழைய ஒழுங்கு. சம்பந்தம் பேச வந்தவர்கள் வெற்றிலைத் தட்டத்தை நகர்த்திவிட்டு முதலில் கேட்டது "என்ன குடி?" என்பதைத்தான். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்கார்மாரும் குடிவாரியாகவே தெரிவானார்கள். இதே குடிமுறை அயலிலுள்ள தமிழ் ஊர்களிலும் உண்டு. இரு சமூகத்துக்கும் பொதுவான இந்தக் கரையின் சொத்து அது.

ஆனால் பிறப்புச் சான்றிதழில் குடிக்கென்று ஒரு கூடு இல்லை. கல்முனையில் உம்மம்மா உயிரோடு இருக்கும் வீட்டார் இன்றைக்கே அவரிடம் கேட்டுக் குடியின் பெயரை ஒரு கொப்பியில் எழுதி வைக்கவேண்டும்.