ஜாகை தேடும் படலம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "வாடகைக்கு வீடு தேடிப் பார்" என்று சொல்ல ஏனோ மறந்துவிட்டார்கள். பிறந்த ஊரிலேயே பிறந்த வீட்டிலேயே காலந்தள்ளியவர்களுக்கு அந்த அநுபவம் வாய்த்திராது. மாற்றல் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஊரில் தெருத் தெருவாக "டு-லெட்" பலகையை அண்ணாந்து பார்த்து நடக்கும் பாக்கியம் நம் காலத்து உத்தியோகஸ்தர்களுக்கென்றே ஏற்பட்டது.

எனக்கு அந்தப் பாக்கியம் பாளையங்கோட்டையில் கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து இங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தேன். குடும்பம் பெரிதல்ல: மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண், முழங்கால் வலியோடு எழுபது வயதைத் தாண்டிய அம்மா. சம்பளமும் பெரிதல்ல என்பதை, உபாத்தியாயர் என்று சொன்ன பிறகு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வாடகைக்குப் போனால் பெண்ணின் படிப்புக்கென்று எடுத்து வைக்கும் தொகையில் கை வைக்க நேரிடும். அதைத் தொடுவதில்லை என்று நானும் என் மனைவியும் ஊரை விட்டுக் கிளம்பும்போதே தீர்மானம் செய்திருந்தோம்.

வெளியூரார் 'திருநெல்வேலி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். இங்கே வந்து பார்த்தால் அது பல ஊர்களின் கூட்டுக் குடும்பம். நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியது டவுண்; ரயில் நிற்பது ஜங்ஷன்; ஆற்றுக்குக் கிழக்கே கல்லூரிகளும் பள்ளிக்கூடங்களும் நிறைந்தது பாளையங்கோட்டை. மேலப்பாளையம், தச்சநல்லூர் இவற்றையும் சேர்த்து 1994-ம் வருஷத்தில்தான் எல்லாம் ஒரே மாநகராட்சி ஆயின. இடையே தாமிரபரணி ஓடுகிறது. 1843-ம் வருஷத்தில் சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டி வைத்திராவிட்டால், டவுணில் வீடு பிடித்துப் பாளையங்கோட்டையில் வேலை பார்ப்பவர்கள் பாடு எப்படியிருக்கும் என்று அந்தப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

முதலில் டவுணுக்குப் போனோம். ரத வீதிகளுக்குப் பின்னாலுள்ள தெருக்களில் 'வளவு' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தெருவில் ஒரு வாசல். உள்ளே நீளமான நடை. இரு பக்கமும் வரிசையாகக் குடித்தனங்கள். பொதுவாக ஒரு கிணறு. ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு தார்சா, ஒரு பட்டாசல், அடுக்களை, மேலே தட்டட்டி. வாடகை எங்கள் கைக்கு எட்டுகிற அளவில்தான் இருந்தது. ஒரு வீட்டில் முருங்கைக்காய் வாங்கினால் ஆறு வீட்டில் மணக்கும். அப்படி வாழ்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஆனால் எங்களுக்குக் காட்டிய பகுதியில் படுக்கும் அறை மச்சில் இருந்தது. அதற்கு ஏறும் மரப்படிகள் செங்குத்தானவை. அம்மா முதற் படியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நாங்கள் மறு பேச்சுப் பேசாமல் வெளியே வந்துவிட்டோம்.

அடுத்து ஜங்ஷனுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டி ஒரு வீடு. காவிரியில் மாதக் கணக்கில் மணலைப் பார்த்தே பழகிய எங்களுக்கு, வருஷம் முழுவதும் தண்ணீர் ஓடும் நதியைக் கண்டால் சபலம் தட்டாமல் இருக்குமா? வாசலில் நின்றால் ஆற்றுக் காற்று, உள்ளே புதிய வெள்ளையடிப்பு, வாடகை ரூ. 8,000. எங்கள் கணக்குக்கு இரண்டாயிரம் குறைவு! முன்பணம் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டே தெருமுனையிலிருந்த பலசரக்குக் கடையில் சோடா கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி நான் வந்த வீட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சார்வாள் வெளியூரோ?"

"ஆமாம், அண்ணாச்சி."

"வீட்டுக்கு உள்ள வெள்ளையடிச்சிருப்பாங்க. பின்பக்கத்துக் காம்பவுண்டுச் சுவத்தையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க."

போய்ப் பார்த்தேன். என் மார்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு, மட்டப் பலகை வைத்து இழுத்தாற் போல் சுவர் நெடுகிலும் ஓடிற்று. 2023-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, மார்கழி மாதப் பிறப்பன்று, தாமிரபரணி போட்டுவிட்டுப் போன கோடு அது. அன்றும் மறுநாளும் பெய்த மழையைத் தமிழ்நாடு எளிதில் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஜங்ஷனைச் சுற்றியுள்ள தாழ்ந்த பகுதிகளெல்லாம் மூழ்கின; கொக்கிரகுளத்தில் கலெக்டர் கச்சேரி வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 1992-ம் வருஷம் நவம்பரிலும் ஆறு இப்படிக் கரை மீறியதுண்டு. அந்தக் கோட்டின் முன் நின்றபோது, நள்ளிரவில் கழுத்தளவு இருட்டில் அம்மாவை யார் தூக்குவது என்ற ஒரே கேள்விதான் என் மனத்தில் எழுந்தது. இரண்டாயிரம் ரூபாய் மலிவின் காரணம் சுவரிலேயே எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நான் வீட்டைப் பார்க்கும் முன் ஊரின் பெயரைப் பார்க்க ஆரம்பித்தேன். இந்தப் பள்ளத்தாக்கில் பெயர்களே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன. சிந்துபூந்துறை, குறுக்குத்துறை என்றால் ஆறு பக்கத்தில் என்று அர்த்தம். 'குளம்' என்று முடிந்தால், அங்கே ஒரு காலத்தில் தண்ணீருக்குத்தான் பட்டா இருந்தது என்று அர்த்தம். இப்போதைய புதிய பஸ் ஸ்டாண்டு இருக்குமிடம் வேய்ந்தான்குளம். மாறாக, அரசாங்க ஆஸ்பத்திரி இருக்குமிடத்துக்கு 'ஹைகிரவுண்ட்' என்று பெயர். மேட்டு நிலம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. 'திருநெல்வேலி' என்ற பெயரே, காயப்போட்ட நெல்லை மழை வெள்ளம் கொண்டுபோகாதபடி ஈசன் வேலியிட்டுக் காத்த கதையிலிருந்து வந்ததாகத்தானே சொல்கிறார்கள்! குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே கோயில் கொண்டவர். வெள்ளம் வரும்போது உற்சவ மூர்த்தியை மேட்டிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளப் பண்ணிவிடுகிறார்கள். தெய்வத்துக்கே மேட்டில் இரண்டாவது ஜாகை வேண்டியிருக்கும் ஊரில், ஒரே ஜாகைக்கு வாடகை கொடுக்கும் உபாத்தியாயர் எச்சரிக்கையாக இருப்பதில் தவறில்லை. 2015-ம் வருஷத்து வெள்ளத்தில் சென்னையில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் இருந்தவர்கள் கற்றுக்கொண்ட பாடமும் இதுதான்.

சரி, மேட்டுக்கே போவோம் என்று பெருமாள்புரத்துக்குப் போனோம். அழகான இடம், ரூ. 12,000 என்றார்கள். மகாராஜ நகரிலும் ஏறக்குறைய அதே பேச்சு. என்.ஜி.ஓ. காலனியில் விசாரித்தோம். கெஜட்டில் பெயர் வராத உத்தியோகஸ்தர்களுக்காக ஏற்பட்ட பெயர் என்பதால் நமக்குத் தோதாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு போனேன். காலியாக வீடில்லை. கடைசியில் ஒரு தரகர், பைபாஸ் சாலைக்கு அப்பால் புதிதாக மனை பிரித்த ஓரிடத்தில், இரண்டு படுக்கையறையுள்ள தனி வீட்டைக் காட்டினார். வாடகை ரூ. 7,500 தான். பெருமாள்புரத்தைவிட மாதம் ரூ. 4,500 லாபம்!

அன்று இரவு நானும் என் மனைவியும் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் அங்கிருந்து எட்டுக் கிலோமீட்டர். போக வர மாதம் சுமார் 350 கிலோமீட்டர். மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் ரூ. 700. பெண்ணுக்குப் பள்ளி வேன் ரூ. 1,800. அங்கே கிடைப்பது ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். குடிதண்ணீர் கேன் மாதம் பதினைந்து, தலா ரூ. 35 வீதம் ரூ. 525. கோடையில் வாங்கும் லாரித் தண்ணீரைப் பன்னிரண்டு மாதத்துக்கும் பரத்தினால் ரூ. 400. ஆகக் கூடி ரூ. 3,425. லாபம் என்று நினைத்த நாலாயிரத்து ஐந்நூறில் மிஞ்சியது ரூ. 1,075.

"இன்னொன்று விட்டுப் போயிற்று" என்றாள் என் மனைவி. "2021-ம் வருஷம் மே மாதத்திலிருந்து சாதாரண டவுண் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கட் இல்லை. இந்த வீட்டில் பெண்கள் மூன்று பேர். பஸ் அடிக்கடி வரும் தெருவில் இருந்தால் அந்தச் சலுகை நமக்கு. அங்கே காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோவுக்கு என்ன எழுதுவீர்கள்?"

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மிஞ்சிய ரூபாயும் போயிற்று. பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் பக்கத்தில் பாளையங்கால்வாய் ஓடுகிறது. பழவூர் அணைக்கட்டிலிருந்து அத்தனை தூரம் ஆற்று நீரைக் கொண்டுவந்தவர்கள், தண்ணீரும் வழியும் இருக்குமிடத்தில்தான் ஊர் நிலைக்கும் என்று அறிந்தவர்கள். மனைக்கல் நட்டவுடனே ஊர் ஆகிவிட்டது என்று நினைப்பது நம் காலத்துப் புதுமை.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு வீடு அமைந்தது. மேட்டில், பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரத்தில், ஆற்றுத் தண்ணீர்க் குழாயுடன், வாடகை ரூ. 8,500. கீழே தனி அறை, அம்மாவுக்கென்றே கட்டினாற் போல் இருந்தது. வீட்டுக்காரப் பெரியவர் உபசரித்து உட்கார வைத்தார், காபி வந்தது.

"நீங்க யாரு?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூட வாத்தியார், ஐயா."

"அது தரகர் சொன்னாரு. நீங்க யாரு?"

"கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்திருக்கிறேன்."

"அதுவும் சொன்னாரு, சார்வாள். நான் கேக்கது வேற. நீங்க என்ன ஆளுக?"

நேயர்களுக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்கும். எனக்கும் புரிந்தது. என் பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார வைத்து, பிறப்பினால் ஒருவருக்கொருவர் உயர்வு தாழ்வில்லை என்று சொல்லிக் கொடுக்கிறேன். அங்கே ஒரு பேச்சும், குழாய்த் தண்ணீருக்காக இங்கே ஒரு பேச்சும் பேசினால், அவள் எந்த அப்பாவை நம்புவாள்? நான் சொல்லக்கூடிய பதில் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அது முக்கியமல்ல. "வாடகையைத் தேதி தவறாமல் கொடுக்கிற ஆட்கள், ஐயா" என்றேன். பெரியவர் சிரித்தார். ஆனால் மறுநாள், உறவினர் ஒருவர் வருவதாகத் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்று எனக்கு அந்த மார்கழி வெள்ளம்தான் மறுபடியும் நினைவுக்கு வந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேல் போக முடியாமல் நின்று, நூற்றுக்கணக்கான பிரயாணிகள் இரண்டு நாள் ஸ்டேஷனிலேயே தவித்தார்கள். அக்கம்பக்கத்துக் கிராமத்தார், தங்கள் வீடுகளும் வயல்களும் நீரில் நிற்கும்போதே, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். "நீங்க என்ன ஆளுக?" என்று இலை போடுமுன் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. வெள்ளத்தில் இரண்டு நாள் இருக்கிற இந்த நல்ல புத்தி, வாடகை ஒப்பந்தத்துக்குப் பதினோரு மாதம் இருக்கக் கூடாதா?

ஒப்பந்தம் என்றதும் ஒரு வார்த்தை. 2019-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி முதல் அமுலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, குடியிருப்பு ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. இந்தப் பக்கத்தில் 'ஒத்தி' என்றும் ஒரு வழக்கம் உண்டு. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். கேட்க இனிக்கும். ஆனால் வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரத்தைப் பதியாமல் ஒத்திக்குப் பணம் கொடுப்பது, கரை தெரியாத ஆற்றில் இறங்குவது போலத்தான்.

முடிவில் எங்களுக்குக் கிடைத்தது பாளையங்கோட்டையில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப் பகுதி. வாடகை ரூ. 9,500. சுவரில் ஆங்காங்கே காரை பெயர்ந்திருக்கிறது. அடுக்களையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்க வேண்டும். ஆனால் பஸ் அடிக்கடி வருகிறது, குழாயில் தாமிரபரணி வருகிறது, பின்சுவரில் பழுப்புக் கோடு இல்லை. வீட்டுக்கார ஆச்சி எங்களிடம் கேட்ட ஒரே கேள்வி, "பெரியம்மாவுக்குப் படி ஏறக் கஷ்டமா இருக்காதுல்லா?" என்பதுதான். அந்தக் கேள்விக்காகவே இன்னும் ஐந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்றாள் என் மனைவி. நல்ல வேளையாக ஆச்சியின் காதில் அது விழவில்லை.

புதிதாக இந்தப் பக்கம் மாற்றலாகி வரும் சகோதரர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் பின்சுவரைப் பாருங்கள். அடுத்தபடி குழாயைத் திறந்து பாருங்கள். பிறகு பஸ் நிற்குமிடத்தில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வீட்டுக்காரர் உங்களை என்ன கேட்கிறார் என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். தரகர் முதலில் சொல்லும் வாடகையை நீங்கள் கடைசியாக விசாரியுங்கள். அதற்குள் பாதி வீடுகள் தாமாகவே விலகிவிடும். மிஞ்சும் வீட்டுக்கு எண்ணிக் கொடுக்கும் பணம் கையை உறுத்தாது.