திண்ணையில் கழிந்த இரவு

விருந்தினராகச் சென்று பழகிய இடத்தில் வாடகை கொடுத்துத் தங்க நேரும்போது உள்ளத்தில் ஒரு சிறு கூச்சம் எழும். சென்ற கார்த்திகையில் புதுச்சேரியில் எங்களுக்கு நேர்ந்தது அத்தகைய கூச்சந்தான். ஆனால் அது ஒரே இரவில் கூச்சமென்னும் நிலையைக் கடந்து, நெஞ்சை விட்டகலாத ஒரு கேள்வியாக வளர்ந்துவிட்டது.

உறவினர் வீட்டு நிக்காஹ் ஒன்றுக்காக நாவலூரிலிருந்து நாங்கள் மூவர் புறப்பட்டோம். கட்டுரையாளரும் அவர்தம் துணைவியாரும் தமக்கையாருமே அம்மூவர். மண்டபத்து அறைகள் யாவும் நிரம்பியிருந்தன. கடற்கரைப் பக்கத்துப் பெரிய விடுதிகளோ எங்கள் கைக்கு எட்டாதவை. மணமகன் வீட்டார், வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் இருந்த பழைய வீடொன்றைக் காட்டினர். அங்கே ஆறு அறைகள், எளிய கட்டணம், பின்கட்டில் பொதுக் குளியலறை. வேறு வழியின்றித்தான் சென்றோம் என்பதை மறைப்பதற்கில்லை.

புதுச்சேரி நகரின் நேர்நேரான வீதிகளுக்கு வரைவு தீட்டியவர்கள், 1693 முதல் 1699 வரை அந்நகரைத் தம் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர் என்பது வரலாறு. 1761இல் ஆங்கிலேயர் அந்நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர் எழுந்த ஊரில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் மாளிகைகளும், மேற்கே தமிழர் இல்லங்களும் அமைந்தன. தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதி முதலிய தெருக்களில் நம் சமுதாயத்தார் குடியேறினர். வெள்ளையர் வீடு உயர்ந்த மதிலால் தன்னைத் தெருவிலிருந்து மறைத்துக்கொள்ளும். தமிழர் வீடோ திண்ணையை நீட்டித் தெருவை வரவேற்கும். ஒரு நகரின் இருவேறு உள்ளங்களை அதன் முகப்புகளே காட்டிவிடுகின்றன.

நாங்கள் தங்கிய வீட்டின் முகப்பு அகலத்தில் மிகக் குறுகியது. உட்புறமோ ஒரு தெருவளவு நீண்டது. தெருவோரம் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதன்கீழ் இருபுறமும் திண்ணை, செதுக்கு வேலைப்பாடமைந்த கதவு, அதைக் கடந்தால் ரேழி, பின்னர் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றிக் கூடம், அப்பால் அடுக்களை, கடைசியில் கிணற்றோடு கூடிய புழக்கடை. மேலே மரச்சட்டங்களின்மீது சிறு செங்கற்களைச் சாய்வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்திட்டு இறுக்கிய மெட்ராஸ் ஒட்டுக் கூரை. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேற, வாசலிலிருந்தும் புழக்கடையிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்நுழையும். மின்விசிறி தோன்றுவதற்கு முன்பே நம் கொத்தனார்கள் கண்டறிந்த விஞ்ஞானம் அது.

முற்றத்தைக் கண்டதும் தமக்கையார் நின்றுவிட்டார். தூணொன்றைக் கையால் தடவியவர், "நம்ம வீடு மாதிரியே இருக்கு தம்பி" என்றார். அதற்கு மேல் அவரால் பேச இயலவில்லை.

நாவலூரில் எங்களுக்கும் அப்படி ஒரு வீடு இருந்தது. நாட்டு ஓடு வேய்ந்த அவ்வீட்டில் இத்தகைய வேலைப்பாடுகள் இல்லை; ஆயினும் திண்ணையும் முற்றமும் இருந்தன. கோவளத்திலுள்ள தமீமுல் அன்சாரி தர்காவுக்கு நடந்து செல்வோர் இரவில் அத்திண்ணையில் படுத்துறங்குவர். அவர்கள் யார், எவ்வூர், எம்மதம் என்று அத்தா ஒருபோதும் கேட்டதில்லை. மஃரிப் தொழுகைக்குப் பின் ஒரு மண்பானை நிறையத் தண்ணீரும் ஒரு குவளையும் திண்ணையின் மூலையில் வைக்கப்படும். பானையை நிரப்புவது தமக்கையாரின் வேலை. விடியலில் அது காலியாக இருந்தால் அத்தாவின் முகம் மலரும்.

அத்தாவும் அம்மாவும் மறைந்தபின், வீடு மக்கள் மூவருக்கும் உரியதாயிற்று. ஷரீஅத் முறைப்படி ஐந்து பங்கு: ஆண்மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, தமக்கையாருக்கு ஒன்று. முற்றத்தை ஐந்தாக எப்படி வெட்டுவது? பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் பெருகி, நிலத்தின் விலை நாளொரு வண்ணமாக ஏறிய காலம் அது. 2006ஆம் ஆண்டில் வீட்டை இடித்து அடுக்ககம் கட்டக் கொடுத்தோம். பங்கு சரியாகவே பிரிந்தது. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை, நீதிக்கும் குறைவில்லை. இடிக்கும் நாளில் தமக்கையார் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை.

புதுச்சேரி வீட்டை நடத்திவரும் பெரியவர் இரவுணவுக்குப் பின் எங்களோடு திண்ணையில் அமர்ந்தார். "வாங்க பாய், மழை வர்ற மாதிரி இருக்கு, இங்கேயே உட்காருவோம்" என்றழைத்த அக்குரலில் விடுதிக்காரரின் தொனி சிறிதும் இல்லை. அவர்களும் உடன்பிறந்தார் நால்வராம். இருவர் பிரான்சில் குடியுரிமை பெற்று வாழ்கின்றனர். வீட்டைப் பிரிக்கும் பேச்சு அங்கும் எழுந்திருக்கிறது. "வீட்டை வெட்டுனா ஆளுக்கு ஒரு சுவர்தான் மிஞ்சும். அதனால வீட்டை அப்படியே வச்சு வருமானத்தை மட்டும் பிரிச்சுக்கிட்டோம்" என்றார் அவர். எவ்வளவு எளிய சொல்! மார்க்கம் பங்கைத்தான் விதித்திருக்கிறது, இடிக்குமாறு விதிக்கவில்லை. இந்த வழி எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றாமற் போனதேன்?

அவ்விரவு அங்குத் தங்கியிருந்தோருள் ஜப்பான் நாட்டு மாணவியொருவரும் இருந்தார். கியோத்தோ நகரத்தவரான அவர், தம் ஊரின் 'மச்சியா' என்னும் பழைய மரவீடுகளைப் பற்றி அரைகுறை ஆங்கிலத்தில் ஆர்வத்தோடு எடுத்துரைத்தார். அவையும் முகப்பில் குறுகி உள்ளே நீண்டவையாம். அவற்றை 'விலாங்குமீனின் படுக்கை' என்று வேடிக்கையாக அழைப்பார்களாம். நடுவே வானம் பார்த்த சிறு தோட்டம். தரையில் கோரைப்புல்லால் நெய்த பாய்விரிப்பு. வாசலிலேயே காலணியைக் கழற்றிவிடும் வழக்கம். கேட்கக் கேட்க எங்களுக்கு வியப்பு மேலிட்டது. கடல்கள் பல கடந்த நாட்டிலும் மனிதன் வெயிலையும் மழையையும் அண்டை வீட்டாரையும் எண்ணியே வீட்டை அமைத்திருக்கிறான்.

அங்கும் அழிவு நேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கியோத்தோவில் எஞ்சியிருந்தவை ஏறத்தாழ 40,000 மச்சியாக்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பை நோக்க, அவை ஆயிரக்கணக்கில் குறைந்திருந்தன. இடிபடாமல் தப்பியவற்றுட் பல, பயணியர் தங்கும் எளிய விடுதிகளாக மாறியிருக்கின்றன. "வீடு பிழைத்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் இரவில் விளக்கேற்றும் பாட்டிமார் குறைந்துவிட்டார்கள்" என்றார் அம்மாணவி. விடுதியாவதால் வீட்டின் உடல் காக்கப்படுகிறது. உயிரைக் காப்பது அங்கு வாழ்வோர் கடமை என்பதை அப்போது உணர்ந்தோம்.

நள்ளிரவில் மழை பெய்தது. நாற்புறக் கூரையினின்றும் நீர் முற்றத்தில் விழுந்து ஓடும் ஓசை கேட்டு விழித்த தமக்கையார், கூடத்தில் பாயை விரித்து நெடுநேரம் அமர்ந்திருந்தார். கொசுக்கடியும் இருந்தது, பின்கட்டுக்கு நனைந்துகொண்டே செல்ல வேண்டியும் இருந்தது. பழமையிலும் தொல்லைகள் உண்டு. ஆயினும் தெற்கேயிருந்து ஃபஜ்ர் பாங்கொலி முற்றத்தின் வழியே இறங்கி வந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இழந்தது செங்கல்லும் ஓடும் மட்டுமன்று என்பது விளங்கியது.

மறுநாள் வைசியாள் வீதியைச் சென்று கண்டோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தின் துணையோடு இன்டாக் அமைப்பினர் அத்தெருவின் முகப்புகளைச் சீரமைத்தனர். அப்பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. தனியொரு வீட்டைக் காப்பதோடு நில்லாமல் ஒரு தெருவையே காத்தது அப்பணியின் சிறப்பு. திண்ணைகள் வரிசையாக நின்றால்தான் தாழ்வாரம் தொடர்ந்து நிழல் தரும். வழிப்போக்கன் நனையாமல் நடப்பான்.

திருவள்ளுவப் பெருந்தகை விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இப்ராஹீம் நபி (அலை) அவர்கள், முன்பின் அறியாத விருந்தினருக்குப் பொரித்த கன்றை முன்வைத்த செய்தியைத் திருமறையில் ஓதுகிறோம். இவ்விரு நெறிகளும் கைகோத்து அமர்ந்த இடம் நம் வீட்டுத் திண்ணையன்றோ? அதை இடித்துவிட்டு விருந்தோம்பலைப் பற்றி மேடையில் முழங்குவதில் யாது பயன்?

இளந்தலைமுறையினர்க்கு ஒன்று கூற விழைகிறோம். உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் ஒரு பழைய வீட்டிற்காவது சென்று பாருங்கள். அதன் உறுப்புகளின் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரேழி, கூடம், மாடக்குழி, புழக்கடை என்னும் சொற்கள் வீடுகளோடு சேர்ந்து இடிபடுகின்றன; தமிழ்த்துறை மாணவர் அவற்றைக் காக்கலாம். பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போது, வீட்டைப் பிரிக்கும் முன் வருமானத்தைப் பிரிக்க இயலுமா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெண்மக்களின் உள்ளத்தையும் கேட்டறியுங்கள். நாங்கள் கேட்கத் தவறியது அதைத்தான்.

நாவலூருக்குத் திரும்பிய மறுநாள், தமக்கையார் அடுக்ககத்தின் வாயிலருகே ஒரு மரப்பலகையை இடச்செய்தார். அதன் பக்கத்தில் மண்பானை ஒன்றையும் வைத்தார். வீடுவீடாக உணவு கொண்டுசெல்லும் இளைஞர்கள் இப்போது அங்குச் சற்றே அமர்ந்து நீரருந்திச் செல்கின்றனர். அது திண்ணையாகிவிடாது என்பதை அறிவோம். ஆயினும் மாலைதோறும் பானையை எட்டிப் பார்க்கும் தமக்கையார், அது காலியாக இருந்தால் புன்னகை செய்கிறார். அத்தாவின் முகத்தை அங்குக் காண்கிறோம்.