மெஸ் கதவும் என் ரேங்க் லிஸ்ட்டும்

முன்குறிப்பு: கிரிக்கெட் பிடிக்காதவர்கள் தாராளமாக அடுத்த வேலையைப் பார்க்கலாம். பிடித்தவர்கள் உட்காருங்க. கொஞ்சம் நீளமாகப் போகும் :-)

எங்கள் ஹாஸ்டல் மெஸ் கதவில், தண்ணி கேனுக்கு நேர் எதிரே, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு ஏ4 பேப்பர் ஒட்டியிருக்கும். 2024 டிஎன்பிஎல் சீசனில் ஆரம்பித்த பழக்கம். ஒட்டுவது சாட்சாத் அடியேன்தான். எட்டு அணிகளுக்கும் வரிசை எண், போன வாரம் எந்த இடம், ஏறினதா இறங்கினதா என்று ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரு வரி நக்கல். கீழே பெட்டி கட்டி 'இந்த வாரக் கில்லாடி' என்று ஒரு ஆட்டக்காரர் பெயர். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் இட்லிக்கு வரிசையில் நிற்கிற நூறு பேருக்கு அதை விட்டால் படிக்க வேற என்ன இருக்கு?

ஐடியா சுட்டது அமெரிக்கக் கால்பந்திலிருந்து. (காலால் அதிகம் உதைக்காத கால்பந்து. பேர் வெச்சவங்களைத்தான் கேட்கணும்.) அங்கே 32 அணிகள். ஒரு அணிக்கு வாரத்துக்கு ஒரு மேட்ச்தான். திங்கள் ராத்திரி ஆட்டத்தோடு அந்த வாரம் முடியும். செவ்வாய் விடிந்தால் போதும், டிவிக்காரன், பத்திரிகைக்காரன் எல்லாம் ஆளாளுக்கு ஒன்றிலிருந்து 32 வரை வரிசை போட்டு இறக்கிவிடுவார்கள். இது பாயிண்ட்ஸ் டேபிள் இல்லை. ஜெயிச்சது தோத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், 'இன்னைக்கு மோதினா யார் பலசாலி' என்று ஒரு ஆள் தன் மனசுக்குப் பட்டதைச் சொல்வது. அதற்கு 'பவர் ரேங்கிங்' என்று பெயர். ரூம்மேட் லேப்டாப்பில் அதைப் பார்த்த அன்றைக்கே எனக்குக் கை அரித்துவிட்டது.

நம்ம டிஎன்பிஎல்லில் இதைச் செய்வது கொஞ்சம் கோமாளித்தனம்தான். எட்டு அணி, ஒவ்வொன்றுக்கும் லீக்கில் மொத்தமே ஏழு மேட்ச். ஒரு மாசத்தில் கடையைக் கட்டிவிடுவார்கள். வாரத்துக்கு ஒன்று இரண்டு மேட்ச்சை வைத்துக்கொண்டு நான் ஏதோ ஜாதகம் கணிக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் வரவேற்பு பிரமாதம். ஒரு வாரம் கோவை கிங்ஸை இரண்டாவது இடத்தில் போட்டதற்கு மெஸ் அண்ணன் கரண்டியோடு வந்து நின்றார். "ஏனுங் தம்பி, கோயமுத்தூர்ல உக்காந்துட்டு கோயமுத்தூர ரெண்டாவதா போட்டிருக்கீங்க. சாம்பார் வேணுமா வேண்டாமா?"

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 2022 ஃபைனல் நம்ம ஊரில், எஸ்என்ஆர் காலேஜ் கிரவுண்டில் நடந்து, மழை வந்து கெடுத்து, கோப்பையைச் சேப்பாக்கத்தோடு பங்கு போட்டுக்கொண்டோம். 2023ல் பங்கு கேட்க ஆளே இல்லை. திருநெல்வேலியில், நெல்லைக்காரர்கள் கூட்டத்துக்கு முன்னாலேயே, நெல்லையை 104 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள். அந்த சீசன் ஏலத்தில்தான் சாய் சுதர்சனை 21.6 லட்சம் கொடுத்து எடுத்திருந்தார்கள். சிக்ஸருக்குப் பேர்போன ஷாருக் கான் (நடிகர் இல்லீங்க, நம்ம கேப்டன்) அந்த வருஷம் 17 விக்கெட் எடுத்து பவுலிங்கில் முதலிடம் வந்தார். 2024 ஃபைனலில் திண்டுக்கல்லிடம் தோற்றோம். அஸ்வின் அரை சதம் அடித்தார். என் ரூம்மேட் ஒட்டன்சத்திரத்துக்காரன். அன்று ராத்திரி அவன் போட்ட ஆட்டத்தை எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2025 பிப்ரவரியில் எங்கள் காலேஜில் டிபார்ட்மெண்ட்டுகளுக்கு இடையே போட்டி. 15 ஓவர் மேட்ச். எனக்கோ மெஸ் கதவுப் புகழ் தலைக்கேறி இருந்தது. ஸ்கோர் புத்தகத்தை வாங்கி வந்து எங்கள் டிபார்ட்மெண்ட் ஆட்டக்காரர்களுக்கே ஒரு ரேங்க் லிஸ்ட் போட்டேன். பேட்டிங் தனி, பவுலிங் தனி. பவுலிங்குக்கு நான் எடுத்துக்கொண்ட அளவுகோல் எகானமி. ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தான்? கம்மியாகக் கொடுத்தவன் மேலே, அதிகமாகக் கொடுத்தவன் கீழே. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன்.

கடைசி இடத்தில் வந்தது என் கிளாஸ்மேட். பேர் வேண்டாம். காங்கேயம் பக்கத்துப் பையன், இடது கை வேகம், ஊரில் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவன். பேச்சு கம்மி. லிஸ்ட்டைப் பார்த்தான், சிரித்தான், தட்டைக் கழுவிவிட்டுப் போய்விட்டான். நானும் அவன் தமாஷாக எடுத்துக்கொண்டான் என்றே நினைத்தேன்.

செமிஃபைனல் அன்று காலையில் டீம் அறிவித்தபோது அவன் பெயர் இல்லை. கேப்டன் அண்ணா மூன்றாம் வருஷம். மொபைலில் என் லிஸ்ட்டைப் படம் பிடித்து வைத்திருந்தார். "நீ போட்டதுதானே தம்பி? கடைசில இருக்கறவன வெச்சுட்டு எப்படி?" என்றார். எனக்கு அப்போது தோன்றியது என்ன தெரியுமா? வருத்தம் இல்லை. பெருமை. என் லிஸ்ட்டை வைத்து ஒரு டீமே செலக்ட் ஆகிறது என்கிற பெருமை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

எதிர் டீமுக்குக் கடைசி 2 ஓவரில் 23 ரன் வேண்டியிருந்தது. பந்து போனது என் லிஸ்ட்டில் முதலிடம் வாங்கியவன் கையில். நல்ல பவுலர்தான், ஆனால் அதுவரைக்கும் அவன் போட்டதெல்லாம் ஐந்தாவது, ஏழாவது ஓவர்கள். பேட்ஸ்மேன்கள் நிதானமாக ஒன்று இரண்டு எடுக்கிற நேரம். 14வது ஓவரில் 20 ரன் போனது. அப்புறம் என்ன, மூட்டை கட்டினோம்.

பவுண்டரி ஓரம் தண்ணி பாட்டில் கூடையோடு உட்கார்ந்திருந்தவனிடம் போய் ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அவன் என்னைப் பார்க்காமலே கேட்டான்: "நா எந்த ஓவர் போட்டன்னு உன்ற பேப்பர்ல எங்கடா எழுதியிருக்க?"

அன்று ராத்திரி ஸ்கோர் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அவன் போட்ட ஓவர்களில் பாதிக்கு மேல் கடைசி நாலு ஓவருக்குள் வந்தவை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சுத்துகிற நேரம். அந்த ஓவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தால் எங்கள் டீமில் அவன்தான் முதல், இரண்டாவது ஆள் ரொம்ப தூரத்தில். கேப்டன் கஷ்டமான ஓவரையெல்லாம் நம்பி அவனுக்கே கொடுத்ததால் அவன் எகானமி ஏறியது. எகானமி ஏறியதால் நான் அவனைக் கீழே போட்டேன். நான் கீழே போட்டதால் அதே கேப்டன் அவனை உட்கார வைத்தார். நல்லா வேலை செய்யறவனுக்கு மேலும் மேலும் வேலையைக் கொடுத்து, கடைசியில் 'உனக்குத்தான் தப்பு அதிகம்' என்று சொல்கிற கதை.

நடராஜன் கதை தெரிந்தவனாக இருந்துகொண்டு இதைச் செய்தேனே என்பதுதான் என்னை அதிகம் குத்தியது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. டென்னிஸ் பந்தில் வளர்ந்த இடது கை. 2016ல், முதல் டிஎன்பிஎல் சீசனில், திண்டுக்கல் அணிக்காகத் தூத்துக்குடிக்கு எதிராக சூப்பர் ஓவர் போட வந்து, யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கினார். அந்த ஓவர்தான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 2017 ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு. சூப்பர் ஓவரில் எடுக்கிற விக்கெட், கொடுக்கிற ரன் எதுவும் பவுலர் கணக்கில் சேராது. அவர் வாழ்க்கையையே மாற்றிய ஆறு பந்துகள் அவருடைய புள்ளிவிவரத்தில் இல்லவே இல்லை! எகானமி பார்த்து லிஸ்ட் போடுகிற என்னை மாதிரி ஆளுக்கு அந்த ஓவர் நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

அதற்கப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். 2020 டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள் போட்டி, அதே வாரத்தில் டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். நெட் பவுலராகப் போனவர் மூன்றிலும் ஆடிவிட்டு வந்தார். 2024 ஏப்ரலில் டெல்லியில் ஒரு ஐபிஎல் மேட்ச். ஹைதராபாத் 266, டெல்லி 199. இரண்டு பக்கமும் சேர்த்து 465 ரன் போன அந்த மைதானத்தில் இந்த மனுஷன் 4 ஓவரில் ஒரு மெய்டன், 19 ரன், 4 விக்கெட். ஆட்ட நாயகன்? 32 பந்தில் 89 அடித்த டிராவிஸ் ஹெட். ஹெட் ஆடினதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் 'இந்த வாரக் கில்லாடி' பெட்டி என் கையில் இருந்திருந்தால்...

அந்த ஜூனில் டிஎன்பிஎல் மறுபடி வந்தது. பேப்பர் ஒட்டுவதா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, எஸ்என்ஆர் கிரவுண்டில் திண்டுக்கல்லும் திருப்பூரும். ஐந்து பேர் போனோம், அவனும் வந்தான். முதல் மேட்ச்சில் நம்ம கோவையை அடித்திருந்த திண்டுக்கல் அன்று 93க்கு ஆல் அவுட். சாய் கிஷோர் பந்தில் எல்பிடபிள்யூ கொடுத்ததற்கு அஸ்வின் அம்பயரிடம் கோபப்பட்டு, பேட்டால் பேடை அடித்துக்கொண்டு போனார். அபராதமும் விழுந்தது. பேப்பரில், டிவியில் எல்லாம் அதுவே செய்தி. திருப்பூர் ஒரே ஒரு விக்கெட் இழந்து 12 ஓவருக்குள் முடித்தது.

பஸ்ஸில் திரும்பும்போதே நெட் ரன் ரேட் போட்டுப் பார்த்தேன். ஆல் அவுட் ஆனால் முழுசாக 20 ஓவர் ஆடியதாகத்தான் கணக்கு. 93ஐ இருபதால் வகுத்தால் 4.65. எதிரணி ஓவருக்கு எட்டு பக்கம் அடித்திருக்கிறது. ஒரே ராத்திரியில் மைனஸ் மூன்றுக்கும் கீழே. "திண்டுக்கல் எட்டாவது" என்றேன். ஒட்டன்சத்திரத்தான் முறைத்தான். ஜன்னலோரம் இருந்த நம்ம ஆள் மட்டும், "ஒட்டுடா, ஒட்டு. உனக்குத்தான் ஒரு மேட்ச் போதுமே" என்றான். நாலு மாசத்தில் அதைப் பற்றி அவன் சொன்ன ஒரே வார்த்தை. நான் பேப்பரைத் தொடவில்லை, அந்த வாரம்.

அடுத்த வாரத்திலிருந்து ஒட்டினேன். சேப்பாக்கம் லீக்கில் ஏழுக்கு ஏழு ஜெயித்தது. முதலிடம் யாருக்கு என்று யோசிக்கவே தேவையில்லை. அப்புறம் குவாலிஃபயர் ஒன்றில் திருப்பூரிடம் அடி, இரண்டில் திண்டுக்கல்லிடம் அடி. ஃபைனலுக்கே வரவில்லை. 2007 சீசனில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் லீக்கில் 16க்கு 16, பிளே ஆஃபில் இன்னும் இரண்டு ஜெயித்து, 2008 பிப்ரவரி சூப்பர் பவுலில் நியூயார்க் ஜெயண்ட்ஸிடம் 17-14 என்று தோற்றது. ரேங்கிங் எழுதியவர்கள் மேல் தப்பில்லை. வேற யாரைத்தான் முதலில் போடுவார்கள்?

ஜூலை 6, அதுவும் ஞாயிறு. திண்டுக்கல் சீமையிலேயே ஃபைனல். அதே இரண்டு அணிகள். நான் எட்டாவது என்ற திண்டுக்கல் அங்கே வந்து நின்றது. திருப்பூர் 220, திண்டுக்கல் 102. துஷார் ரஹேஜா சீசனில் மொத்தம் 488 ரன். பனியன் ஊருக்கு முதல் கோப்பை. மெஸ் டிவி முன்னால் பல்லடம், அவிநாசிப் பசங்க போட்ட சத்தத்தில் வார்டன் எழுந்து வந்துவிட்டார். கோவை அந்த வருஷம் பிளே ஆஃபுக்கே போகவில்லை. மெஸ் அண்ணன் ரசம் மட்டும்தான் ஊற்றினார்.

அடுத்த டிபார்ட்மெண்ட் போட்டிக்கு அவன் பேர் கொடுக்கவில்லை. முட்டி வலி என்றான். முட்டி வலிக்காரன் சாயங்காலம் வாலிபால் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் ஸ்கோரர் வேண்டும் என்றபோது நோட்டை வாங்கிக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தான். நான் லிஸ்ட்டில் 'எந்த ஓவர்' என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்திருந்தேன். அதை அவனிடம் காட்டினேன். "ம்" என்றான்.

மூன்றாவது மேட்ச் முடிந்து நோட்டை வாங்கிப் பார்த்தேன். 14வது ஓவர் கட்டத்தைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம். பவுலர் முதல் வருஷப் பையன், 11 ரன் கொடுத்திருந்தான், விக்கெட் இல்லை. ஓரத்தில் கோழிக் கிறுக்கலில் இரண்டு வார்த்தை: 'நல்லா போட்டான்.'