பந்தி இடைவெளியும் எல்லைக்கோடும்: ஒரு தாள் கற்பித்த பாடம்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் சொல் முறைவழிப்படுத்தல் இலகுவான அலகு என்று நீங்கள் பலரும் ஒதுக்கிவிடுகிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எழுத்தைத் தடிப்பாக்கவும் அடிக்கோடிடவும் தெரிந்தால் போதும், இடைவெளியும் எல்லைக்கோடும் வெறும் அழகுக்குத்தான் என்று நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரேயொரு தாள். அதைப் பற்றிச் சொல்கிறேன். பரீட்சைக்கு வேண்டியவையும் இடையிடையே வரும். பென்சிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் கல்லடியில் ஒரு சிறிய கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சுச் செய்து கொடுப்பேன். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து ஓராண்டு நிறையும் வாரம் அது. நாவலடியை உங்களில் பலர் அறிவீர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மட்டக்களப்பு வாவி, நடுவே ஒடுங்கிய மணல் நிலம். ஓடித் தப்ப இடமில்லை. அந்த வாரம் கடைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நினைவஞ்சலிப் பிரசுரம் அடிக்கவே வந்தார்கள்.

ஒரு மாமி வந்தார். எங்களுக்கு உறவல்ல, அந்த வயதுப் பெண்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கொப்பித் தாளில் நான்கு பெயர்கள் எழுதியிருந்தார். கணவர், இரண்டு ஆண் பிள்ளைகள், ஐந்து வயது மகள். நான்கு பெயரையும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போட்டுத் தரச் சொன்னார்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்தேன். கடைசிப் பெயர் சற்றுப் பின்தள்ளி நிற்பது போலத் தோன்றியதால், மேலேயுள்ள அளவுகோலைப் பிடித்து அந்த வரியை மட்டும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினேன். பிறகு நான்கு வரிகளையும் தெரிவுசெய்து, 'போர்டர்ஸ் அன்ட் ஷேடிங்' சென்று 'பொக்ஸ்' என்பதைக் கொடுத்தேன். திரையைச் சரியாகப் பார்க்காமலே அச்சிட்டு நீட்டினேன்.

மாமி தாளை நெடுநேரம் பார்த்தார். "ஏன் மனே, சின்னவள மட்டும் புறம்பா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். தகப்பனும் இரண்டு ஆண் பிள்ளைகளும் ஒரு பெட்டிக்குள் இருந்தார்கள். மகளின் பெயர் கீழே தனியாக ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. கோட்டை நீக்கிவிட்டுத் திரும்பவும் போட்டேன். அதேபோலவே பிரிந்து வந்தது. மூன்றாம் முறையும் அப்படியே. கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கடைக்காரர் வந்து, அந்த வரியின் உட்தள்ளலை மற்ற மூன்றுக்கும் சமனாக்கினார். இரண்டு பெட்டியும் ஒன்றாகின.

காரணத்தை நன்கு மனங்கொள்ளுங்கள். கணினிக்கு என்டர் விசை அழுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பந்தி. நான்கு பெயர்கள் என்றால் நான்கு பந்திகள். அடுத்தடுத்த பந்திகளுக்கு ஒரே எல்லைக்கோடும் ஒரே உட்தள்ளலும் இருந்தால் மட்டுமே வேர்ட் அவற்றை ஒரே பெட்டியாகச் சேர்க்கும். உட்தள்ளல் ஒரு மில்லிமீற்றர் மாறினாலும் பெட்டி பிரிந்துவிடும். லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் பந்தியின் எல்லைக்கோட்டுப் பகுதியில் 'அடுத்த பந்தியுடன் இணை' என்ற பொருள்பட ஒரு தெரிவு உண்டு. இன்னொன்று: கோடு எதற்கு என்பதைக் காட்டும் 'அப்ளை டு' பெட்டியில் 'பரகிராப்' என்று இருக்க வேண்டும். 'டெக்ஸ்ட்' என்று இருந்தால் எழுத்துகளை மட்டும் சுற்றிக் கோடு விழும். இந்த வேறுபாட்டில் பலர் தடுமாறுகிறார்கள்.

பெட்டி ஒன்றானதும் மாமி போய்விடவில்லை. பெயர்கள் நெருக்கமாக இருப்பதாகச் சொன்னார். உண்மைதான். எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையே வேர்ட் தானாக விடும் தூரம் மேலும் கீழும் 1 பொயின்ட், இடமும் வலமும் 4 பொயின்ட். 72 பொயின்ட் ஓர் அங்குலம் என்பதை நினைத்தால் 1 பொயின்ட் எவ்வளவு சிறியது என்று விளங்கும். தமிழில் மெய்யெழுத்தின் குற்று மேலே ஏறும், 'கு', 'மு' போன்றவற்றின் வால் கீழே இறங்கும். ஆகவே நமக்கு அந்த 1 பொயின்ட் போதாது. 'ஒப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தி இதனை 31 பொயின்ட் வரை கூட்டலாம். நாங்கள் 8 வைத்தோம்.

பெயர்களுக்கு இடையே இடைவெளி விட நான் என்டர் விசையைத்தான் அழுத்தினேன். எங்கள் அச்சுப்பொறியில் மை முடிந்து, கோப்பை இன்னொரு கடைக்குக் கொண்டுபோனபோது அதன் பலன் தெரிந்தது. அங்கே தாள் அமைப்பு வேறு. வெற்று வரிகள் எல்லாவற்றையும் தள்ள, "குடும்பத்தினர்" என்ற கடைசிச் சொல் தனியே இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. வெற்று வரிகளை அழித்துவிட்டு, பந்தி அமைப்பில் 'ஆப்டர்' என்னுமிடத்தில் 6 பொயின்ட் கொடுத்தோம். எல்லாம் ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. வரி இடைவெளியில் 'எக்ஸாக்ட்லி' என்பதைத் தெரிவுசெய்து சிறிய எண் கொடுத்தால் தமிழ் எழுத்தின் தலையோ வாலோ வெட்டுப்படும். அதிலும் கவனம் தேவை.

உங்கள் பாடசாலைக் கணினியிலும் வீட்டிலும் ஒரே கடிதம் வெவ்வேறு நீளத்தில் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்: வேர்ட் 2003இல் ஒற்றை வரி இடைவெளி, பந்திக்குப் பின் 0. 2007இல் 1.15 வரி, பந்திக்குப் பின் 10 பொயின்ட். 2013இல் 1.08 வரி, 8 பொயின்ட்.

கடைசியாகத் தாளைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு. இதுவும் எங்களைச் சும்மா விடவில்லை. மூன்று பக்கம் கோடு வந்தது, அடியில் வரவில்லை. பக்க எல்லைக்கோட்டை வேர்ட் தாளின் விளிம்பிலிருந்து 24 பொயின்ட் தூரத்தில், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றரில் போடும். அவ்வளவு ஓரத்தில் அச்சிட அந்தப் பழைய அச்சுப்பொறியால் முடியவில்லை. 'ஒப்ஷன்ஸ்' சென்று, தூரத்தைத் தாள் விளிம்பிலிருந்து அளக்காமல் எழுத்திலிருந்து அளக்கும்படி 'டெக்ஸ்ட்' என மாற்றினோம். கோடு உள்ளே வந்து நான்கு பக்கமும் மூடியது.

எல்லாம் முடிய இருட்டிவிட்டது. பிழையாகப் போன தாள்களைக் கசக்கி எறியப் போனேன். மாமி கையைப் பிடித்துக்கொண்டார். பெயர் எழுதின தாள் என்று சொல்லி, அவற்றையும் நீவி மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

இன்று ஒரு பயிற்சி செய்யுங்கள். உங்கள் வீட்டில் இருப்பவர்களின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தட்டச்சுச் செய்து, ஒரே பெட்டி போடுங்கள். பிறகு ஒரு பெயரை மட்டும் அளவுகோலில் சிறிது நகர்த்தி, பெட்டி எங்கே பிரிகிறது என்று அவதானியுங்கள். என்டர் விசையைத் தொடாமல் பெயர்களுக்கிடையே 6 பொயின்ட் இடைவெளி விடுங்கள். நகர்த்திய பெயரைத் திரும்ப உள்ளே கொண்டுவந்த பின்பே கோப்பைச் சேமியுங்கள்.