பையின் பின்பக்கம்

நேயர்களே, உங்கள் வீட்டில் நாய் உண்டா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தொடர்கதைக்குப் போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. உண்டு என்றால், அதற்கு வாங்கிப் போடும் டாக் ஃபுட் பையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். முன்பக்கம் வேண்டாம். அங்கே பொரித்த கோழித் துடையின் படம்தான் இருக்கும். பின்பக்கத்தைத் திருப்பிக் கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு மணி உண்மையில் என் நாயல்ல, என் தகப்பனாருடையது. தினம் இரவு தாம் சாப்பிட்டு முடிக்கும் சமயம் ஒரு கவளம் தயிர் சாதத்தைப் பிசைந்து, கொல்லைப்படியில் உட்கார்ந்து, அதற்கு ஊட்டிவிட்டுத்தான் கை கழுவுவார். அவர் காலமானபிறகு அந்தக் கவளத்தை அம்மா போட்டு வந்தாள். நானோ படித்தவன் அல்லவா? "நாய்க்குப் புரோட்டீன் வேண்டாமா?" என்று சொல்லி, கோழிப்படம் போட்ட பையாகப் பார்த்து வாங்கி வர ஆரம்பித்தேன். எங்கள் வீடு முட்டைகூட நுழையாத வீடு. பையை வாசல் திண்ணைக்கு உள்ளே கொண்டுவரக் கூடாது என்ற நிபந்தனையின்மேல் அம்மா சம்மதித்தாள்.

ஒரு வருஷம் கழித்து மணி சொறிய ஆரம்பித்தது. காதைச் சொறியும், பாதத்தை நக்கும், ராத்திரி முழுவதும் திண்ணையில் 'டக் டக்'கென்று கால் மோதும் சத்தம். வயிற்றில் ரோமம் உதிர்ந்து தோல் சிவந்துவிட்டது. நான் சற்றும் தயங்காமல் தீர்ப்புச் சொன்னேன்: "எல்லாம் உன் தயிர் சாதத்தினால்தான்."

அம்மா பதில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

மிருக வைத்தியர் மணியைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைத்தான் விசாரித்தார். "என்ன போடுகிறீர்கள்?" "நல்ல உயர்ந்த ரகம், டாக்டர்." "அதில் என்ன இருக்கிறது?" நான் விழித்தேன். பத்திரிகைக்காரன், வரிகளுக்கு நடுவே படிப்பதாகப் பெயர். ஆனால் வரிகளையே படிக்கவில்லை!

தோலில் பூச்சியும் படையும் இல்லை என்று பார்த்தபின், ஆகார ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார். நாய்களுக்கு அதிகமாக ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் வகை, கோழி, கோதுமை ஆகியவையாம். பல நாள் சாப்பிட்டுப் பழகிய பதார்த்தமே ஒருநாள் விரோதியாகிவிடுமாம். ஆகவே தயிரும் சந்தேகத்துக்கு உட்பட்டதுதான், கோழியும்தான். மணி இதுவரை தின்றறியாத புரதம் ஒன்றை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மீன் என்று தீர்மானித்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்றுதான் முதல் முதலாகப் பையின் பின்பக்கத்தைப் படித்தேன். முன்னால் துள்ளி விளையாடிய மீன், பின்னால் ஐந்தாவது இடத்தில் பதுங்கியிருந்தது. அதற்கு மேலே சோளம், அரிசி, இத்யாதி. இரண்டாவது இடத்தில் சாட்சாத் கோழித் தூள்! இன்னொரு பையில் 'இறைச்சியும் உப பொருள்களும்' என்று மொட்டையாகப் போட்டிருந்தது. எந்த இறைச்சி? 'மற்றும் பலர்' என்று கல்யாணப் பத்திரிகையில் போடுவது போல! ஒவ்வாமை உள்ள பிராணிக்குப் பெயர் சொல்லாத இறைச்சி உதவாது. அமெரிக்காவில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. 'மீன் சேர்த்தது' என்று பெயர் வைக்க 3 சதவிகிதம் மீன் இருந்தால் போதும். 'மீன் சுவை' என்று போட அதுவும் வேண்டாம். சுவை தெரிந்தால் சரி.

இந்த ஜாபிதாவில் சாமான்களை எடையின் வரிசையில், அதிகம் உள்ளது முதலாக எழுதுவது வழக்கம். அந்த எடை வேகவைத்து உலர்த்துவதற்கு முந்திய எடை! பச்சைக் கோழியில் நூற்றுக்கு எழுபது பங்கு தண்ணீர். 25 கிலோ கோழியைப் போட்டதாகப் பெருமையாக முதலிடத்தில் எழுதினாலும், உலர்ந்த பிறகு சுமார் 8 கிலோவாகத்தான் பைக்குள் வருகிறது. 'மீல்' என்கிறார்களே, அந்தத் தூளோ ஏற்கெனவே தண்ணீரும் கொழுப்பும் வாங்கப்பட்ட சரக்கு. அதில் புரதம் மட்டும் சுமார் 65 சதவிகிதம் தேறும். 'தூள்' என்றால் மட்டம் என்று எண்ணியிருந்தேன். பெயர் சொல்லியிருந்தால், தூளே பல சமயம் கெட்டிக்காரன். சோளத்தை 'சோளம்', 'சோள மாவு', 'சோளப் புரதம்' என்று மூன்றாகப் பிரித்து எழுதி, மூன்றையும் கோழிக்குக் கீழே தள்ளிவிடும் சாமர்த்தியமும் உண்டு. கூட்டிப் பார்த்தால் யார் பெரியவர் என்று தெரியும்.

சரி, 'புரோட்டீன் 24 சதவிகிதம்' என்று அச்சடித்திருக்கிறார்களே, அதை நம்பலாமா? கணக்கு உண்மைதான். வளர்ந்த நாய்க்கு உலர்ந்த நிலையில் 18, குட்டிக்கு 22.5 சதவிகிதம் இருந்தால் போதும் என்று அமெரிக்கத் தீவன அதிகாரிகளின் சங்கம் வகுத்திருக்கிறது. ஆனால் அந்த எண், புரதத்தை நேரே எடை போட்ட எண் அல்ல. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கியது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அது கேட்காது. 2007-ல் சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில், பிளாஸ்டிக் செய்ய உதவும் மெலமைனைக் கலந்து அளவை உயர்த்திக் காட்டினார்கள். அதைத் தின்ற அமெரிக்க நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கலப்படமே இல்லாவிட்டாலும் எல்லாப் புரதமும் சமானமல்ல. சோளப் புரதத்தில் லைஸின் குறைவு. சோயாவில் மெதியோனின் குறைவு. முட்டையில் எல்லாம் நிறைவு.

தானியமே இல்லாத பைகளைக் கடைக்காரர் பிரமாதமாகச் சிபாரிசு செய்தார். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் மைசூர்ப் பருப்பும். நாய் ஓநாயின் வம்சமானாலும் மனிதனோடு வாழ்ந்து மாவுச் சத்தை ஜீரணிக்கப் பழகிக்கொண்டதென்று 2013-ல் மரபணு ஆராய்ச்சியே காட்டிவிட்டது. போதாக்குறைக்கு, பட்டாணிப் பைகளுக்கும் ஒருவித இருதய நோய்க்கும் சம்பந்தம் உண்டா என்று 2018-ல் அமெரிக்க அரசாங்கம் விசாரணை தொடங்கியது; குற்றம் ருசுவாகவில்லை. ருசுவாகாத ஆசாமியை வீட்டுக்குள் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெறுங்கையோடு டாக்டரிடம் திரும்பினேன். அவர் வேறு ஒரு பையை எழுதிக் கொடுத்தார். சோயாப் புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்து, உடம்பு அடையாளம் கண்டு சண்டைக்குப் போகாதபடி செய்த தீனி. விலை, பழைய பையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு! கைக்கடிகாரத்துக்கென்று சேர்த்த பணம் அதற்குப் போயிற்று. "சோயாவா? அப்போ சைவம்தானே!" என்று அம்மா அந்தப் பையைச் சமையலறைக்குள்ளேயே எடுத்து வைத்தாள்.

பிஸ்கட் கூடாது, வாசனை போட்ட மாத்திரை கூடாது, ஒரு பருக்கை சாதம்கூடக் கூடாது. எட்டு வாரமும் அம்மா கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். வெளியே மணி படியில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். "அதோட மூஞ்சியைப் பார்த்தா எனக்குச் சாதம் இறங்கலைடா" என்றாள் ஒருநாள்.

ஆறாவது வாரம் சொறி அடங்கியது. எட்டு வாரம் முடிந்ததும், குற்றவாளியைக் கண்டுபிடிக்க, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். முதலில் தயிர் சாதம். இரண்டு வாரம் ஆயிற்று, ஒன்றுமில்லை. பிறகு என் கோழிப் பை. நாலாம் நாள் ராத்திரி திண்ணையில் 'டக் டக்.'

நான்கு கடை ஏறி இறங்கி, கோழியின் வாடையே இல்லாமல் மீன் தூள், அரிசி, மீன் எண்ணெய் என்று பெயர் பெயராக எழுதிய ஒரு பையைக் கண்டுபிடித்திருக்கிறேன். அது மறுபடி திண்ணைக்குப் போய்விட்டது. இரவில் கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. "இந்தாடா மணி" என்று அம்மா கவளத்தை நீட்டும்போது, நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.