வேளைக்காரர்



போன மாதம் தமிழ் ஐயா ல, ள, ழ வரும் சொற்களைச் சொல்வதெழுதுதல் வைத்தார். அதில் ஒன்று 'வேளைக்காரர்'. நான் 'வேலைக்காரர்' என்று எழுதிவிட்டேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், "அவ அம்மா வேலைக்காரிதானே ஐயா, அதான்!" என்றது. வகுப்பே சிரித்தது. நான் தலை நிமிரவில்லை. என் அம்மா ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கும் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார்.

ஐயா சிரிக்கவில்லை. சாக்பீஸை எடுத்து விளக்கினார். வேளைக்காரர் என்பது சோழர் காலப் படைவீரர்களின் பெயர். வேளை என்றால் நேரம். தேவைப்பட்ட வேளையில் வந்து சேர்ந்த படை என்று சில அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆபத்து வேளையில் உயிரையும் தருவோம் என்று சபதம் செய்தவர்கள் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். முதலாம் இராசராசன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 'அழகிய சோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர்' என்று ஒரு படையின் பெயர் இருக்கிறது. 'தெரிந்த' என்றால் அன்று 'தேர்ந்தெடுத்த' என்று பொருளாம்!

இலங்கையிலும் வேளைக்காரர் இருந்தார்கள். 11-ஆம் நூற்றாண்டில் விசயபாகு மன்னன் சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது, மாட்டோம் என்று கலகம் செய்தார்கள். பிறகு 12-ஆம் நூற்றாண்டில், புத்தரின் பல் இருந்த கோயிலைக் காப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள். பொலன்னறுவையில் அந்தத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது.

அன்று ராத்திரி அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. அம்மா, "வேளைன்னா நம்ம ஷிப்டு மாதிரியா?" என்று கேட்டார். "உயிரையே குடுப்பாங்கம்மா" என்றேன். "கம்பெனிக்கு நான் உயிரெல்லாம் குடுக்க மாட்டேன்டி. நீ படிச்சி முடிக்கிற வரைக்கும் வேளைக்குப் போயிட்டு வேளைக்கு வருவேன், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, காலை 5 மணி பஸ்ஸுக்காகச் சீக்கிரம் படுத்துவிட்டார்.

அதுவும் ஒரு சபதம்தானே?

இதுவரை பள்ளியில் கொடுக்கும் படிவங்களில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் 'கம்பெனி வேலை' என்று மட்டும் எழுதுவேன். இந்த முறை 'துப்புரவுப் பணியாளர்' என்று முழுசாக எழுதிக் கொடுத்தேன். கை கொஞ்சம் நடுங்கியது உண்மை.

தோழிகளே, தோழர்களே! லகரத்தில் நான் செய்த தப்பைத் திருத்திக்கொண்டேன். அன்றைக்குச் சிரித்தவர்களும் தங்கள் தப்பைத் திருத்திக்கொண்டால் மகிழ்வேன்.



– 9-ஆம் வகுப்பு மாணவி