வழிவிடும் சாலைகள்

ஓபன் துறைமுகத்தில் எங்கள் காரைக் கப்பலின் அடித்தட்டில் நிறுத்தச் செய்த பணியாளர் முதலில் நோக்கியது எங்களையன்று. பின்னிருக்கையில் நாக்கைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த ராபியைத்தான். "நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்பதே அவர் கூறிய முதல் மொழி. அடுத்த சில நாட்களில் அம்மொழியை எத்தனை பேரிடம் கேட்கப் போகிறோம் என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

கிளாஸ்கோ நகரில் வாழும் என் அக்காளும் அத்தானும் மே மாத விடுமுறையில் என்னையும் உடன் அழைத்துச் சென்றனர். ஒன்பது வயதான ராபியை விட்டுச் செல்ல அக்காளுக்கு மனம் வரவில்லை. நாங்கள் சென்ற இடம் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், வடக்குத் தெற்காக ஏறத்தாழ 210 கிலோமீட்டர் நீளத்துக்கு அட்லாண்டிக் மாகடலுக்கு அணை கட்டினாற்போல் அவை கிடக்கின்றன. மக்கள் குடியிருப்பவை பதினைந்து தீவுகளே. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 26,000 பேர். வடக்கிலுள்ள லூயிஸ், ஹாரிஸ் தீவினர் பிரெஸ்பிட்டேரிய சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு ஓய்வை அவர்கள் எவ்வளவு கண்டிப்புடன் அனுசரித்தார்கள் என்றால், லூயிஸின் ஸ்டோர்னோவே துறைக்கு ஞாயிறன்று வழக்கமான பயணிகள் கப்பல் வரத் தொடங்கியதே 2009-ஆம் ஆண்டில்தான். தெற்கிலுள்ள பாரா, எரிஸ்கே, தென் உய்ஸ்ட் தீவினரோ பெரும்பாலும் கத்தோலிக்கர்.

இது எவ்வாறு நேர்ந்தது என்று வியப்புறாதவர் இரார். 1560-இல் ஸ்காட்லாந்து கத்தோலிக்க மறையை விலக்கிற்று. குருக்கள் இல்லாமலே தலைமுறைகள் கழிந்தன. புனித வின்சென்ட் தே பவுல் அனுப்பிய அயர்லாந்துக் குருவான டெர்மட் டக்கன் 1650-களில் இத்தீவுகளில் உழைத்து, 1657-இல் இங்கேயே உயிர்நீத்தார். நூறாண்டுக்குப் பின் தென் உய்ஸ்டில் ஒரு நிலக்கிழார் தம் குடிகளை மதம் மாற வற்புறுத்தினார். விசுவாசத்தை விடமாட்டாதார் பலர் 1772-இல் கப்பலேறிக் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுக்குச் சென்றனர். எஞ்சியோரை வாட்டியது வேறொரு துன்பம். 1851-இல் பாராவிலிருந்தும் தென் உய்ஸ்டிலிருந்தும் ஏழைக் குடிகளை நில உடைமையாளர் வலிந்து கப்பலேற்றினார். மனிதரைவிட ஆடுகளே ஆதாயம் தரும் என்று கருதிய காலம் அது. 1886-இல் வந்த சட்டந்தான் சிறு குத்தகையாளரை நிலத்தை விட்டு விரட்டலாகாதெனக் காத்தது. அவர்களுடைய சந்ததியார் இன்று சொந்தமாக ஆடு வளர்க்கின்றனர். இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணத்துக்குப்பின் பாராவின் காசில்பே துறையை அடைந்தோம். விரிகுடாவின் நடுவே நீரில் நிற்கும் கிஸ்மல் கோட்டை. கரைமேட்டில் 1888-இல் கட்டிய கடலின் விண்மீன் அன்னை ஆலயம். அதற்கும் மேலே ஹீவல் மலைச்சரிவில், மரியன்னை ஆண்டான 1954-இல் நிறுவிய வெண்பளிங்குச் சுரூபம். மரங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. காற்று அவற்றை வளரவிடுவதில்லை.

அங்கே கார் ஓட்டுவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். சாலையில் ஒரு வண்டிக்கே இடமுண்டு. சற்றுத் தொலைவுக்கொன்றாகச் சாலையோரம் அகன்றிருக்கும், அதுவே ஒதுங்குமிடம். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் நம் இடப்புறம் இருப்பின் நாம் அதனுள் நுழைந்து நிற்க வேண்டும். வலப்புறம் இருப்பின் அதற்கெதிரே நின்று, வருபவர் அதனுள் ஒதுங்க விட வேண்டும். பின்னால் அவசரமாக வருபவருக்கும் இவ்வாறே வழிவிட வேண்டும். வழிபெற்றவர் கைப்பிடிச் சக்கரத்திலிருந்து ஒரு விரலை உயர்த்துவார், அதுவே நன்றி. கிளாஸ்கோவில் யாருக்கும் விட்டுக்கொடாத அத்தான் இரண்டாம் நாளிலேயே விரல் உயர்த்தத் தொடங்கியதைக் கண்டு அக்காள் வாய்விட்டுச் சிரித்தாள்.

விமானமும் அங்கே கடலுக்கு வழிவிடுகிறது. வடக்கேயுள்ள பெரும் கடற்கரை மணலே ஓடுதளம். அலை வற்றிய வேளையில் விமானம் இறங்கும். அலை ஏறினால் ஓடுதளம் நீருக்கடியில். காற்றின் திசைகாட்டும் துணிக்குழாய் பறக்கும்போது மணலில் எவரும் நடக்கலாகாது. நாங்கள் ராபியை இறுகப் பிடித்தபடி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம்.

பாராவிலிருந்து சிறு கப்பலில் நாற்பது நிமிடத்தில் எரிஸ்கே. அங்குள்ள புனித மிக்கேல் ஆலயத்தை 1903-இல் அருட்தந்தை ஆலன் மக்டோனால்டு கட்டினார். ஓரிரவு மீன்பாட்டின் வருவாயை மீனவர் கோவிலுக்கென நேர்ந்தனர் என்றும், அன்று வலைகள் நிரம்பின என்றும் ஊரார் கூறுகின்றனர். பலிபீடத்தைத் தாங்கி நிற்பது ஒரு படகின் முகப்பு. ஹெர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் உயிர்காக்கும் படகு அது. கடலில் ஆளை இழக்காத வீடு அரிதான ஊரில், அப்பீடத்தின் முன் நெடுநேரம் பேச்சற்று நின்றோம்.

2001-இல் கடலில் கல்கொட்டி அமைத்த பாதை எரிஸ்கேயைத் தென் உய்ஸ்டுடன் இணைக்கிறது. அதன்வழி சென்று, சனிக்கிழமை மாலை ருவல் குன்றை அடைந்தோம். 1950-களில் அரசு இங்கு ஏவுகணைச் சோதனைத் தளம் அமைக்க முற்பட்டபோது, நிலத்தையும் மொழியையும் இழப்போமோ என மக்கள் அஞ்சினர். பங்குத்தந்தை ஜான் மாரிசன் அவர்களுக்காக வாதாடினார். தளம் வந்தேவிட்டது. ஆயினும் 1957-இல் சிற்பி ஹியூ லோரிமர் கருங்கல்லில் வடித்த தீவுகளின் அன்னை, ஒன்பது மீட்டர் உயரத்தில் அக்குன்றின் சரிவில் நிற்கிறாள். அவள் தோளில் அமர்ந்த பாலன் ஆசீர் வழங்கக் கையுயர்த்தியிருக்கிறான். குன்றின் உச்சியில் தளத்தின் கண்காணிப்புக் கருவிகள். இரண்டையும் ஒரே பார்வையில் காண்கிறோம்.

அங்கிருந்து மேற்குக் கரைக்கு இறங்கினோம். கிளிஞ்சல் மணலைக் காற்று வாரியிறைத்து உண்டாக்கிய புல்வெளியை அவர்கள் மாஹர் என்கின்றனர். கோடையில் அது முழுதும் பூவாகும்; மே மாதத்தில் தரையில் பறவைகள் கூடுகட்டியிருக்கும்; குட்டி ஈன்ற ஆடுகள் மேயும். காற்றுக்கு முகம் காட்டி வண்டியை நிறுத்த வேண்டும் என்று பாராவில் ஒருவர் எச்சரித்திருந்தார். அத்தான் மறந்துவிட்டார். அக்காள் கதவைத் திறந்ததும் காற்று அதைக் கையிலிருந்து பறித்தது. அவள் தடுமாறிய கணத்தில் ராபி கயிற்றோடு பாய்ந்தது.

வாழ்நாளில் எவரையும் கடித்தறியாத நாய் அது. ஆட்டுக்கு அது தெரியுமா? மந்தை சிதறியது. ஒரு குட்டி தாயைப் பிரிந்து சதுப்பில் விழுந்தது. நாங்கள் கூவிய கூவலைக் காற்று கொண்டுபோயிற்று. ஆடுகளைக் காக்க வேறு வழியில்லாதபோது துரத்தும் நாயைச் சுடவும் அங்கே சட்டம் இடமளிக்கிறது. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, அந்நாயைக் கொண்டுவந்தவருக்குச் சிறையோ 40,000 பவுன் வரை அபராதமோ விதிக்கலாம். இதெல்லாம் அறிந்த அத்தானின் முகம் வெளுத்துவிட்டது.

வேலியருகே நின்ற முதியவர் ஒருவர் சீழ்க்கையடித்தார். அவருடைய கருப்பு வெள்ளை நாய் வளைந்தோடி, ராபிக்கும் மந்தைக்கும் நடுவே படுத்தது. ராபி திகைத்து நின்றது. அத்தான் ஓடிக் கயிற்றை மிதித்தார். முதியவர் எங்களைப் பாராமலே சதுப்பில் இறங்கிக் குட்டியைத் தூக்கி, கால்களைத் தடவிப் பார்த்து, தாயிடம் விட்டார். அது பால் குடிக்கத் தொடங்கும்வரை அவர் பேசவில்லை.

அத்தான் பணப்பையை எடுத்தார். முதியவர் தலையசைத்து மறுத்தார். "ஆட்டுக்கு அடி படவில்லை. என் பாட்டனாரின் பாட்டனாரை ஆட்டுக்காக இங்கிருந்து துரத்தினார்கள். அவர் தம்பி கனடா போனார். இவர் பாறைக்கரையில் குடிசை போட்டார். இந்தப் புல்வெளிக்கு நாங்கள் திரும்பி வர எத்தனையோ காலமாயிற்று. உங்கள் நாய் நல்ல நாய். கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார். காற்று இவ்வளவு பலமாயிருக்கிறதே என்று அக்காள் நடுங்கிய குரலில் சொன்னபோது, "இது காற்றன்று, அம்மா" என்றார். 2005 சனவரிப் புயலில் இத்தீவில் ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் ஐவர் வெள்ளத்துக்குத் தப்ப முயன்று, காரோடு கடலில் மாண்டதை அன்றிரவு விடுதியில்தான் அறிந்தோம்.

மறுநாள் டாலிபர்க் ஊரின் புனித பேதுரு ஆலயத்தில் ஞாயிறு திருப்பலி. வெளியே வேலிக்கம்பத்தில் ராபியைக் கட்டினோம். ஒரு பழைய வண்டி வந்து நின்றது. அதன் பின்புறம் கருப்பு வெள்ளை நாய். முதியவர் இறங்கினார். எங்களைக் கண்டுகொண்டதாக முகத்தில் ஒரு குறிப்பும் இல்லை. நேரே கம்பத்தருகே சென்று, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பின்பு முன்னால் நடந்து ஆலயக் கதவைத் திறந்து, காற்று அதை அடித்துச் சாத்திவிடாதபடி தோளால் தாங்கிக்கொண்டு, நாங்கள் உள்ளே செல்ல ஒதுங்கி நின்றார்.